வீட்டை வெப்பமூட்ட மாற்று வழிகள்: வாழும் இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“மாற்று வழி” என்று இங்கே எவற்றைக் குறிப்பிடுகிறீர்கள்?

எரிவாயு, எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றில் ஒன்றை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் உள்ள வெப்பத் தகடுகளான ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பாய்லர்தான் குளிர்ப்பிரதேச வீடுகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. அதன் இடத்தில் வைக்கக்கூடிய ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே ஏற்றும் கருவி), விறகு அல்லது பெல்லட் (அழுத்திய மரத்தூள் துண்டு) அடுப்பு, சூரிய வெப்பம், ஊருக்கே பொதுவான வெந்நீர்க் குழாய் இணைப்பு, நேரடி மின் ஹீட்டர் ஆகியவற்றைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

இவற்றில் எது சிறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதா?

முடியாது. எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆண்டின் மிகக் குளிரான இரவில் உங்கள் வீடு எவ்வளவு வெப்பத்தை வெளியே இழக்கிறது? அந்த எண் தெரியாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய அளவில்தான் வந்து சேரும். “வீடு குளிர்கிறது” என்று பிறகு யாரும் புகார் சொல்லிவிடக் கூடாதே என்று நிறுவுபவர் ஒரு படி பெரிதாகவே பரிந்துரைப்பது இயல்பு. அதற்கான கூடுதல் செலவை ஏற்பவர் நீங்கள்.

அந்த எண்ணை நானே கண்டுபிடிக்க முடியுமா?

பழைய எரிவாயு பில்களும் உங்கள் ஊரின் வானிலைத் தரவும் இருந்தால் ஓரளவு நம்பகமாகவே கண்டுபிடிக்கலாம். அதற்கு “டிகிரி நாள்” என்ற அளவு வேண்டும். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறதோ, அந்த நாளுக்கு அத்தனை டிகிரி நாள். சராசரி 8 டிகிரியாக இருந்த நாள் 10 டிகிரி நாள்களாகக் கணக்கில் ஏறும். ஆண்டு முழுவதையும் கூட்டினால் அந்த ஊரின் குளிர் ஒரே எண்ணில் அடங்கிவிடும். அடிப்படையாகக் கொள்ளும் வெப்பநிலை நாட்டுக்கு நாடு சற்று மாறும், பிரிட்டனில் 15.5 டிகிரியை வைத்துக் கணக்கிடுவதே வழக்கம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குளியலுக்கும் சமையலுக்கும் ஆனதைக் கழித்த பிறகு, வெப்பமூட்ட மட்டும் ஆண்டுக்கு 15,000 யூனிட் எரிவாயு செலவாகிறது என்க (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் வீட்டுக்குள் உண்மையில் வந்த வெப்பம் 13,500 யூனிட். அந்த ஊரின் டிகிரி நாள்கள் 2,500 என்றால், ஒரு டிகிரி நாளுக்கு 5.4 யூனிட் ஆகிறது. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் அந்த வீடு 225 வாட் இழக்கிறது என்று தெரியும். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5 டிகிரி இருக்கும் இரவில் வித்தியாசம் 25. ஆகவே தேவை சுமார் 5.6 கிலோவாட். இப்படிப்பட்ட வீட்டின் சுவரில் 24 கிலோவாட் பாய்லர் தொங்குவது அரிதல்ல. குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தர வேண்டும் என்பதற்காகவே அது அத்தனை பெரிதாக இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து அதே அளவில் ஹீட் பம்ப் வாங்கினால், அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி நின்று, மின்சாரத்தையும் கம்ப்ரசரின் ஆயுளையும் ஒருங்கே தின்னும்.

முதலில் வீட்டின் வெப்பக் காப்பைச் சரிசெய்ய வேண்டுமா, கருவியை மாற்ற வேண்டுமா?

காற்றுக் கசிவை அடைப்பதும் கூரைக்கு வெப்பக் காப்பு இடுவதும் முதலில் நடக்க வேண்டியவை. இவை இரண்டுக்கும் ஆகும் செலவு குறைவு, பலன் உடனடியானது. கதவு, ஜன்னல் சட்டங்களைச் சுற்றியுள்ள இடுக்குகள், மாடத்துக்கு ஏறும் மூடி, குழாய்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவற்றில் காற்றுள்ள நாளில் கையை வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஜன்னல்கள் அனைத்தையும் மாற்றுவது அதிகச் செலவு பிடிக்கும் வேலை. அவை பழுதடைந்து மாற்ற வேண்டிய நிலை வரும்போது செய்துகொள்ளலாம்.

வெப்பக் காப்பால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் 1991-இல் மக்கள் குடியேறிய முதல் பாசிவ்ஹவுஸ் (மிகக் குறைந்த வெப்பமூட்டலே தேவைப்படும்படி கட்டும் தர அளவு) வீடுகள் சான்று. அந்தத் தர அளவின்படி வெப்பமூட்டலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக் கூடாது. 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,500 யூனிட்தான். பழைய வீட்டை அந்த அளவுக்குக் கொண்டுவர முயல்வது பெரும்பாலும் வீண் பிடிவாதம். ஆனால் 5.6 கிலோவாட் தேவையை 4-க்குக் கொண்டுவருவது நடைமுறையில் இயலக்கூடியதே. அதன் பிறகு தேர்ந்தெடுக்கும் எந்தக் கருவியும் சிறியதாகவும் மலிவாகவும் அமையும். கசிவை அடைக்கும் வீட்டில் நல்ல காற்று வந்துபோக முறையான வழி வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஹீட் பம்ப் தான் இழுக்கும் மின்சாரத்தை விட அதிக வெப்பம் தருகிறது என்கிறார்களே, அது எப்படி?

அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து உள்ளே ஏற்றிக் கொண்டுவருகிறது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறக் கம்பிகள் வழியே சமையலறைக்குள் விடுகிறது அல்லவா? பெட்டியின் உட்புறம் இருக்கும் இடத்தில் வெளிக்காற்றையோ நிலத்தையோ வைத்துப் பார்த்தால் அதுவே ஹீட் பம்ப். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தால் அதன் செயல்திறன் எண் 3 என்பார்கள்.

புதுத் தொழில்நுட்பம் என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: இதன் அடிப்படையைக் கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-இலேயே எழுதிவிட்டார். சூரிச் நகர மண்டபத்தை லிம்மட் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டு சூடாக்கிய ஹீட் பம்ப் 1938-இல் இயங்கத் தொடங்கியது.

எங்கள் ஊரில் மைனஸ் 15 டிகிரி வரை போகும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவி அங்கே வேலை செய்யுமா?

செய்யும், ஐரோப்பாவில் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப அதிக ஹீட் பம்புகள் உள்ள நாடுகள் நார்வே, சுவீடன், பின்லாந்து என்பதே அதற்குப் போதுமான பதில். குளிர்ப்பிரதேசத்துக்கென வடிவமைத்த கருவிகள் மைனஸ் 25 டிகிரியிலும் ஓடுகின்றன.

ஆனால் “ஓடும்” என்பதும் “போதும்” என்பதும் வேறு வேறு. வெளியே குளிர் ஏற ஏற இரண்டு எண்கள் சேர்ந்தே இறங்குகின்றன. முதலாவது செயல்திறன்: பிளஸ் 7 டிகிரியில் 4-ஐ ஒட்டி இருக்கும் நல்ல கருவி, மைனஸ் 15-இல் 2-ஐச் சற்றே தாண்டி நிற்கக்கூடும். இரண்டாவது, கருவி தரக்கூடிய மொத்த வெப்பம். பெட்டியின் மேல் 8 கிலோவாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பிளஸ் 7 டிகிரிக்கான எண், மைனஸ் 15-இல் அது கணிசமாகக் குறையும். வீட்டின் தேவை உச்சத்தில் இருக்கும் அதே இரவில்தான் கருவியின் பலமும் குறைகிறது. முன்பு கணக்கிட்ட எண்ணை இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டால்தான் கருவி போதுமா என்பது தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஈரப்பதம். வெளிக்கருவியின் உலோகத் தகடுகள் காற்றை விடக் குளிர்ந்திருப்பதால் காற்றின் ஈரம் அவற்றின் மேல் பனிப்படலமாக உறைகிறது. கருவி சிறிது நேரம் தலைகீழாக ஓடி, வீட்டுக்குள் சேர்த்த வெப்பத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்து அதை உருக்கியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்து, வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நாள்கணக்கில் நிற்கும் கடலோர ஊரில் இது ஓயாமல் நடக்கும். மைனஸ் 10 டிகிரியில் காற்று தாங்கும் ஈரமே மிகக் குறைவு என்பதால் வறண்ட உள்நாட்டு ஊரில் உறைபனித் தொல்லை குறைகிறது. ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து, “நம் ஊர் அத்தனை குளிரில்லையே” என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் முறை எப்போது பொருந்தும்?

தரைக்குக் கீழே ஏறத்தாழ 10 மீட்டருக்கு அப்பால் வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிதாக மாறுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். வெளிக்காற்று மைனஸ் 15-க்குப் போனாலும் நிலம் பிளஸ் கணக்கிலேயே இருப்பதால் ஹீட் பம்பின் செயல்திறன் சரிவதில்லை. பனி படிவதும் இல்லை, வெளியே சத்தமும் இல்லை. இதற்கு இரு வழிகள் உண்டு: 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் குழாய்களைக் கிடையாகப் பரப்புவது ஒன்று, 100, 200 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுக் குழாயைச் செங்குத்தாக இறக்குவது மற்றொன்று. முதலாவதற்கு வீட்டின் பரப்பைப் போலச் சில மடங்கு வெற்று நிலம் தேவை, அதன் மேல் கட்டடமோ பெரிய மரமோ இருக்கக் கூடாது. இரண்டாவதற்கு நிலம் அதிகம் வேண்டாம்; துளையிடும் வண்டி உள்ளே வர வழியும், அதற்கான அனுமதியும், பெருஞ்செலவைத் தாங்கும் பணமும் வேண்டும்.

குளிர்காலம் மிதமாக இருக்கும் ஊரில் இந்தச் செலவைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே காற்றிலிருந்து எடுக்கும் கருவியே நன்றாக ஓடும். குளிர் கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்து, வீடும் பெரிதாக இருந்தால் கணக்கு மாறும்.

பழைய ரேடியேட்டர்களை வைத்துக்கொண்டே ஹீட் பம்புக்கு மாறலாமா?

பாய்லர் ரேடியேட்டருக்கு 70 டிகிரி வெந்நீரை அனுப்பிப் பழகியது. ஹீட் பம்ப் 35 முதல் 45 டிகிரி வரையில்தான் சிக்கனமாக ஓடும். தண்ணீரின் சூட்டைக் கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு இரண்டு சதவீதத்தைத் தாண்டி ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டுக்கு அதனால்தான் இது அத்தனை பொருத்தம்.

இதை வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம். நல்ல குளிர் நாள் ஒன்றில் இப்போதுள்ள பாய்லரின் நீர் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்து, நாள் முழுவதும் ஓட விடுங்கள். எந்த அறைகள் 20 டிகிரியில் நிற்கின்றனவோ அங்கே ரேடியேட்டர்கள் போதும். எந்த அறை குளிர்கிறதோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் மாற்றினால் போதுமானது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும் என்று சொல்பவரிடம் இந்தச் சோதனையின் முடிவைக் காட்டுங்கள்.

காட்டுக்கு அருகில் இருக்கிறோம். விறகு எளிதாகக் கிடைக்கும். அதுவே போதாதா?

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். மிகக் குளிரான நாளில் 5.6 கிலோவாட் வீதம் 24 மணி நேரத்துக்குச் சுமார் 134 யூனிட் வெப்பம் வேண்டும். நன்கு உலர்ந்த விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட். நல்ல அடுப்பில் அதில் 3 யூனிட் அறைக்கு வரும். ஆகவே அந்த ஒரு நாளுக்கு மட்டும் 45 கிலோ விறகு. அதை வெட்டவும், அடுக்கவும், அதிகாலையில் எழுந்து அடுப்பில் இடவும் வீட்டில் ஆள் இருக்கிறதா, அந்த ஆள் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதைச் செய்வாரா என்பதை நேர்மையாக யோசிக்க வேண்டும்.

உலர்வதும் ஒரு பிரச்சினை. பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கும்; அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகைபோக்கியில் தார் போன்ற கசடு படிந்து ஒருநாள் அதுவே தீப்பற்றும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர, பிளந்து, மழை படாமல், காற்றுப் படும்படி ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை அடுக்கிவைக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கான விறகு இன்றே கொட்டகையில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஊரின் நில அமைப்பையும் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பமான காற்று மேலேயும் மூடியைப் போல நின்றுவிடுவதால், புகை மேலே எழாமல் குடியிருப்பின் மேலேயே தங்கும். அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரில் குளிர்கால நுண்துகள் மாசு பெரிய சிக்கலாக இருப்பதற்கு இந்த அமைப்பும் விறகுப் புகையும் முக்கியக் காரணங்கள். மாண்ட்ரியல் நகரம் 2018 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகடுப்புகளைத் தடைசெய்துள்ளது. அக்கம்பக்கம் வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் விறகை முதன்மை வழியாகக் கொள்வது, என் பார்வையில், சரியான தேர்வு அன்று. தனித்த வீட்டில், நல்ல காற்றோட்டமுள்ள மேட்டு நிலத்தில், அது இன்றும் மதிக்கத்தக்க வழி.

பெல்லட் அடுப்பு இதை விட மேலா?

மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கும் குறைவு; கிலோவுக்கு ஏறத்தாழ 4.8 யூனிட், தானாகவே ஊட்டிக்கொள்ளும், புகையும் குறைவு. மூட்டைகளை ஈரம் படாமல் வைக்க இடமும், உங்கள் ஊருக்குத் தவறாமல் வந்து தரும் விற்பனையாளரும் இருந்தால் யோசிக்கலாம். மின்சாரம் இல்லாமல் இது ஓடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சூரிய வெப்பத்தை மட்டும் நம்ப முடியுமா?

இதற்கான பதில் அட்சரேகையிலும் மேகத்திலும் இருக்கிறது. 60 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் நடுவே உச்சிப்பொழுதுச் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரை டிகிரி உயரத்துக்குத்தான் எழுகிறது. அதுவும் பெரும்பாலும் மேகத்துக்குப் பின்னால். லடாக்கின் லே நகரம் இருக்கும் 34 டிகிரியில் அதே நாளில் சூரியன் 32 டிகிரிக்கு மேல் எழும். குளிர் கடுமையானாலும் வானம் தெளிந்திருக்கும். எனவே லடாக்கில் தெற்குச் சுவருக்கு முன்னால் கண்ணாடி பொருத்தி, பகல் வெப்பத்தைத் தடித்த சுவரில் சேர்த்து இரவில் அறைக்குள் விடும் கட்டட முறை நன்றாகப் பலன் தருகிறது. பிரான்ஸின் ஓடெயோவில் 1960-களில் இதைப் பிரபலப்படுத்திய ஃபெலிக்ஸ் டிரோம்ப் பெயரால் இது டிரோம்ப் சுவர் எனப்படுகிறது.

வடக்கே வெகு தொலைவில் வாழ்பவருக்குச் சூரிய வெப்பத் தகடுகள் கோடையில் குளியல் நீருக்கு உதவும். வீட்டைச் சூடாக்க வேண்டிய மாதங்களில் கைவிடும். கோடை வெப்பத்தை நிலத்துக்கடியில் சேமித்துக் குளிர்காலத்தில் எடுப்பது சாத்தியம் என்பதைக் கனடாவின் ஒகோடோக்ஸ் நகரில் 2007-இல் தொடங்கிய 52 வீடுகளின் குடியிருப்பு காட்டியது. ஆனால் அது ஒரு தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய ஏற்பாடு, தனி வீட்டுக்கு ஒத்துவராது.

ஊருக்குப் பொதுவான வெந்நீர்க் குழாய் இருந்தால்?

இருந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதன் கட்டணத்தையும் ஒப்பந்த விதிகளையும் படித்துப் பாருங்கள். டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் புவிவெப்பம் வருகிறது. வீட்டில் கருவியோ பராமரிப்போ ஏறக்குறைய இல்லை. விற்பவர் ஒருவரே என்பதுதான் இதன் பலவீனம்.

அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

நான்கு பக்கமும் சூடான வீடுகள் இருப்பதால் உங்கள் தேவையே குறைவு. வெளிச்சுவரில் கருவி மாட்ட அனுமதி கிடைத்தால், குளிரூட்டவும் வெப்பமூட்டவும் வல்ல ஸ்பிளிட் ஏசியே ஒரு ஹீட் பம்ப்தான். குளிர் மிதமான இடத்தில் அது ஒன்றே போதுமானதாக இருக்கலாம். அனுமதி இல்லையென்றால் மின் ஹீட்டரும், கனமான திரைச்சீலையும், கதவிடுக்கு அடைப்பும்தான் மிஞ்சும். மின் ஹீட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான், எந்த விலையில் எந்த வடிவில் வாங்கினாலும். “சிக்கன ஹீட்டர்” என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

எரிவாயுவோடு ஒப்பிட்டால் செலவு குறையுமா?

உங்கள் பில்லில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையால் வகுத்துப் பாருங்கள். பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால், அந்த விகிதத்தை 0.9-ஆல் பெருக்கி வருவதுதான் ஹீட் பம்ப் எட்ட வேண்டிய செயல்திறன். மின்சாரம் மூன்று மடங்கு விலை என்றால் 2.7, ஆண்டுச் சராசரியாக அதைத் தாண்டினால் உங்களுக்கு மிச்சம். விகிதம் நான்கைத் தாண்டும் இடத்தில் கருவி எத்தனை நல்லதாக இருந்தாலும் மாதச் செலவு குறைவது கடினம். எண்ணெய் பாய்லர் அல்லது நேரடி மின் ஹீட்டர் வைத்திருப்பவருக்கு மாறுவதில் ஆதாயம் பொதுவாக அதிகம்.

சில ஆண்டுகள் பொறுத்து ஹைட்ரஜன் பாய்லர் வாங்கலாமா?

பொறுப்பதால் பயன் இருக்கும் என்று தோன்றவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனை எரித்தால் முக்கால் யூனிட் வெப்பம்கூடத் தேறாது. ஹீட் பம்ப் அதே மின்சாரத்தில் மூன்று யூனிட் தரும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் இடம் எங்களுடையது.

பனிப்புயலில் மின்கம்பி அறுந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கும் ஊரில், மின்சாரம் இல்லாமல் எரியும் ஒன்றாவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும். ஹீட் பம்போடு ஒரு சிறிய விறகடுப்பையும் வைத்துக்கொள்வது இத்தகைய இடங்களுக்கு மிகவும் பொருத்தமான கூட்டு. ஆண்டின் பெரும்பகுதியை ஹீட் பம்ப் பார்த்துக்கொள்ளும்; மிகக் கடுமையான சில நாள்களில் அடுப்பு கைகொடுக்கும் என்பதால் ஹீட் பம்பையும் சற்றுச் சிறிதாகவே வாங்கலாம்.

எரியும் எதையும் வீட்டுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை அறைக்குள் பயன்படுத்துவது இரட்டைத் தொல்லை: நச்சு வாயு அபாயத்தோடு, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாக அறையில் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

ஹீட் பம்பின் வெளிக்கருவியை எங்கே வைப்பது?

பனி கொட்டும் ஊரில் வழக்கமான பனியின் உயரத்தை விட மேலே, தாங்கிகளின் மீது. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் இடத்தில் கூடாது. உருகி வடியும் நீர் நடைபாதையில் உறையாத வகையில் வடிகால் வேண்டும். கடற்கரையில் உப்புக் காற்று தகடுகளை அரிக்கும் என்பதால் காப்புப் பூச்சுள்ள கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். 3,000 மீட்டர் உயர மலையூரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். காற்றை நம்பும் கருவிகளும் எரியும் கருவிகளும் அங்கே சொன்ன அளவு வெப்பம் தராது. புரொப்பேன் வாயுவைக் குளிர்பதனப் பொருளாகக் கொண்ட புதிய ஹீட் பம்புகள் பருவநிலைக்குக் கேடு குறைந்தவை, ஆனால் அந்த வாயு தீப்பற்றக்கூடியது. ஜன்னலுக்கும் தரைமட்ட வடிகாலுக்கும் நெருக்கமாக வைக்கக் கூடாது.

நிறுவுபவரிடம் எழுத்தில் என்ன கேட்க வேண்டும்?

எந்த வெளி வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டார், அந்த நிலையில் அறைவாரியாக வீட்டின் வெப்ப இழப்பு எவ்வளவு, கருவி அதே வெப்பநிலையில் எத்தனை கிலோவாட் தரும், ரேடியேட்டருக்குப் போகும் நீர் எத்தனை டிகிரியில் இருக்கும் – இந்த நான்கையும் கேளுங்கள். வீட்டுக்குள் வந்து அறைகளை அளக்காமலே விலைப்பட்டியல் தருபவரிடமோ, பிளஸ் 7 டிகிரிக்கான ஒரே எண்ணைத் தந்துவிட்டு “போதும்” என்பவரிடமோ முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் பழைய பில்களிலிருந்து நீங்கள் போட்ட கணக்கை அவர் முன் வைத்து, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கச் சொல்லுங்கள்.